கடைசி உருப்படிக்கு முன்

மாமாவின் கார் டிக்கியில் எப்போதும் இரண்டு பொன்னாடைகள் இருக்கும். ஸ்பேர் டயருக்குப் பக்கத்தில், செலோபேன் உறை பிரிக்காமல். திடீரென்று யாரையாவது கௌரவிக்க வேண்டி வந்தால் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கக்கூடாது என்பது அவர் கவலை. அம்மாவின் அண்ணன். லண்டன் மனோர் பார்க்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். ஊர்ப் பள்ளிக்கூடத்தின் லண்டன் பழைய மாணவர் சங்கத்துக்கு நான் அறிந்த நாள் முதல் அவர்தான் தலைவர். நூல் வெளியீடு, அரங்கேற்றம், அறுபதாம் கலியாணம், எங்கே மைக் இருக்கிறதோ அங்கே மாமா இருப்பார். ஒரு முறை பிறந்தநாள் வீட்டில் கேக் வெட்டும் முன் தலைமையுரை நிகழ்த்தியிருக்கிறார். பிறந்தநாள் கொண்டாடிய பிள்ளை நித்திரையாகிவிட்டது.

நான் அமெரிக்கக் கண்ட்ரி பாட்டு எழுதிப் பாடுகிறவள். ஆங்கிலத்தில். ஒரு கிட்டார், ஒரு குரல், சாலை, மழை, விட்டுப் போனவர்கள், இவ்வளவுதான் சரக்கு. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இது எங்கிருந்து வந்தது என்று வெள்ளைக்காரர் வியப்பார்கள். எங்கள் வீடுகளில் அதை யாரும் வியக்கவில்லை. அப்பாவின் தலைமுறை கொழும்பு ரேடியோவில் இந்தப் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டுதான் மீசை வளர்த்தது. லண்டனில் அப்பா மினிகேப் ஓடிய காலம் முழுக்கக் காரில் அதே கேசட்டுகள். எங்கள் ஆட்களின் பிரச்சினை வேறு. கேட்பது சரி, பாடுவது ஏன்? அதுவும் சங்கீத வகுப்புக்குக் காசு கட்டிப் படிப்பித்த பிள்ளை, பப்பில் போய்ப் பாடுவது ஏன்?

அம்மா இதை ஒரு வரியில் சமாளித்தார். “மகள் என்ன செய்யிறா?” என்று யார் கேட்டாலும், “கண்ணாடிக் கடையிலை வேலை” என்பார். பொய்யில்லை. பகலில் நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் வரவேற்பில்தான் இருந்தேன். மாலையில் என்ன செய்கிறேன் என்பதை அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான். அது எனக்கு எரிச்சலாக இருந்தது. எரிச்சல் என்று சொல்லி முடித்துவிட ஏலாது, மனது நொந்தது.

இப்படிச் சில வருடம் பப், கஃபே, விம்பிள்டனில் ஒரு சர்ச் மண்டபம் என்று பாடித் திரிந்தபின் ஒரு வாய்ப்பு வந்தது. பாடகர்களுக்கு மேடை பிடித்துக்கொடுக்கும் ஏஜெண்ட் பெண் ஒருவர், நான் போனில் பதிந்து போட்ட பாதிப் பாட்டு ஒன்றை இணையத்தில் கேட்டிருக்கிறார். பெயர் பெற்ற ஒரு கண்ட்ரி பாடகர் நாடு முழுக்கச் சுற்றுப் பயணம் போகிறார், அவருக்கு முன்னால் அரை மணி நேரம் பாட ஓர் ஆள் வேண்டும், மூன்று பேரைப் பார்த்து வைத்திருக்கிறேன், அதில் நீயும் ஒருத்தி என்று எழுதினார். வட லண்டனில் ஒரு பப்பின் மேல்மாடியில் நான் பாடவிருந்த நாளைச் சொன்னேன். வருகிறேன், ஆனால் அந்தப் பாட்டை முழுதாக, ஆட்கள் உள்ள அறையில் கேட்க வேண்டும் என்றார். அதைக் கடைசிப் பாட்டாக வைத்தேன். நல்லதைக் கடைசியில் வைப்பதுதான் எல்லாரும் செய்வது.

அந்தப் பாட்டு ஒரு குளிர்காலக் கோட்டு பற்றியது. நாங்கள் லண்டனுக்கு வந்த புதிதில் விசா விஷயமாக அம்மாவும் நானும் குரோய்டனில் உள்ள பெரிய குடிவரவு அலுவலகக் கட்டிடத்துக்கு அடிக்கடி போக வேண்டியிருந்தது. அம்மாவிடம் கோட்டு இல்லை. மாமா தன்னுடையதைக் கொடுத்தார். ஆம்பிளைக் கோட்டு, கறுப்பு, கைகள் அம்மாவின் விரல்நுனி வரை மூடும். வரிசையில் நிற்கும்போது அம்மா கைகளை உள்ளே மடித்துவிட்டுக்கொண்டே இருப்பார்; என்னைப் பார்த்து மூக்கை நோண்டாதே என்பார். நான் மூக்கை நோண்டினால் எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நம்பினேன். திரும்பி வரும் ரயிலிலேயே அம்மா கோட்டைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துவிடுவார். பின்னேரம் மாமாவிடம் கொடுக்க வேண்டும். பாட்டில் திரும்பத் திரும்ப வருகிற வரி அதுதான்: பொழுது படுமுன் கோட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அம்மாவுக்கும் மாமாவுக்கும் இப்படி ஒரு பாட்டு இருப்பதைச் சொல்லவில்லை. கேட்கிற அன்றைக்குக் கேட்கட்டும் என்று வைத்திருந்தேன்.

ஆனால் அவர்களை வரவழைத்தது பாசத்தால் மட்டுமல்ல. அந்த மாதிரி இடங்களில் முதலில் பாடுகிறவர்தான் ஆட்களைக் கொண்டுவர வேண்டும். வாசலில் நிற்பவர், யாரைக் கேட்க வந்தீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார். என் பெயரைச் சொல்ல என்னுடன் வேலை செய்யும் இரண்டு பேரைத் தவிர எனக்கு ஆளில்லை. வெட்கத்தை விட்டு அம்மாவிடம் சொன்னேன். அம்மா மாமாவிடம் சொன்னார். அவ்வளவுதான், கடையில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு மரண அறிவித்தலுக்கும் ஒரு அரங்கேற்ற அழைப்புக்கும் நடுவே, என் படம் ஏறிவிட்டது. “மேலைநாட்டு நாட்டார் பாடல் நிகழ்வு” என்று மாமாவே தலைப்புப் போட்டிருந்தார்.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில் சாப்பாடு. மாமா கறியைப் பிசைந்துகொண்டே விசாரித்தார்.

“எத்தினை உருப்படி, பிள்ளை?”

“ஆறு, மாமா.”

“கடைசி உருப்படி என்னது?”

“புதுப் பாட்டு. இன்னும் ஒருத்தரும் முழுசாக் கேக்கேல்லை.”

“நல்லது, நல்லது” என்று தலையாட்டினார். “வாற ஆக்களிலை முக்கியமான ஆள் ஆர்?”

ஏஜெண்டைப் பற்றிச் சொன்னேன். எல்லாம் அவருடைய கையில்தான் இருக்கிறது என்றும் சொன்னேன். மாமா அக்கறையாக விசாரிக்கிறார் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிள்ளைக்கு அரங்கேற்றம் வைக்கிற தாய்மாரிடம் இதே கேள்விகளை அவர் கேட்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். அப்போதாவது எனக்குப் புத்தி வேலை செய்திருக்க வேண்டும்.

அன்று மாலை எங்கள் ஆட்கள் இரண்டு வேனில் வந்தார்கள். நேரத்துக்கு வந்தார்கள், ஏனென்றால் மாமா ஒரு மணி நேரம் முன்தள்ளி நேரம் சொல்லியிருந்தார். அது எல்லாருக்கும் தெரிந்த தந்திரம். தெரிந்தும் வேலை செய்கிறது. பெண்கள் பட்டுச்சேலை. அந்த மேல்மாடியில் எல்லாரும் நின்றபடிதான் கேட்பார்கள். மாமா சுற்றிப் பார்த்துவிட்டு, “கதிரை இல்லையோ?” என்று கேட்டார். கீழே பப்பிலிருந்து கதிரைகள் ஏறி வந்தன. மேடைக்கு முன்னால் ஒரு வரிசை போட்டு, நடுவில் அம்மாவை இருத்தினார்கள். தாடி வைத்த வெள்ளைக்காரப் பையன்கள் பின்னால் மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள், ஏதோ கோயிலுக்கு வந்துவிட்ட மாதிரி. வாசலில் நின்றவர் என்னிடம் வந்து, இத்தனை பேரை யாரும் கூட்டிவந்ததில்லை என்றார். ஏஜெண்ட் படிக்கட்டுப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றார். எனக்கு எல்லாம் சரியாக நடப்பதாகவே பட்டது.

அறையின் பின்னால் ஒலிக்காரரின் மேசையில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. எரிந்தால் நேரம் முடியப்போகிறது. விட்டு விட்டு எரிந்தால் முடிந்துவிட்டது. எனக்குப் பிறகு பாட ஒரு குழு காத்திருந்தது. நான் நேரத்துக்குப் பயந்தவள். பாட்டுகளுக்கு இடையே ஒரு வார்த்தை பேசுவதில்லை, தாங்க்யூ மட்டும். ஐந்து பாட்டும் நன்றாகப் போயின. கோட்டுப் பாட்டுக்குக் கிட்டாரின் சுருதியை மாற்ற வேண்டும். குனிந்து தந்திகளை முறுக்கினேன். அறை அமைதியாக இருந்தது.

எங்கள் மண்டபங்களில் மேடையில் அமைதி வந்தால் அதற்கு ஒரே அர்த்தம், அறிவிப்பாளர் வரப்போகிறார் என்பது.

செலோபேன் சரசரக்கும் சத்தம் மைக்கில் பெரிதாகக் கேட்டது. நிமிர்ந்தேன். மாமா கோட்டும் டையுமாக மேடையில் நின்றார். என்ன நடக்கிறது என்று எனக்குப் புரிவதற்குள் பொன்னாடை என் தோளில் விழுந்தது; கிட்டாரும் சேர்ந்து மூடுண்டது. அதன் குஞ்சம் ஒன்று தந்தியில் சிக்கிக்கொண்டது. முன்வரிசை கைதட்டியது. பின்னால் நின்ற தாடிக்காரர்களும் தட்டினார்கள், எதற்கென்று தெரியாமல்.

மாமா மைக்கைத் தாங்கியிலிருந்து கழற்றி எடுத்தார். அவர் மைக்கைக் கழற்றினால் அது சுருக்கமான உரையாக இருக்காது. “சபையோருக்கு முதற்கண் வணக்கம்” என்று தொடங்கினார். நான் சின்னப் பிள்ளையாக லண்டனுக்கு வந்தது, முருகன் கோயிலில் தேவாரம் பாடிப் பரிசு எடுத்தது, எங்கள் பரம்பரையில் யார் யார் பாடினார்கள், யார் பாட முயன்றார்கள், இளைய தலைமுறை இன்று எங்கே போய்க்கொண்டிருக்கிறது, போகும் வழியில் எதைக் கவனிக்க வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தது. மாமா சங்கத்தின் வருடாந்த ஒன்றுகூடலுக்கு வந்தார்.

நான் ஏன் நிறுத்தவில்லை? பலர் கேட்டுவிட்டார்கள். மைக்கைப் பிடுங்கியிருக்கலாம். இரண்டு கையும் பொன்னாடைக்குள் இருந்தது ஒரு காரணம். எங்கள் ஆட்கள் முன்னால் போட்ட பொன்னாடையைத் தட்டிவிட்டு மாமாவை இறக்கினால் அவர் அடுத்த நாள் கடை திறக்க மாட்டார் என்பது இன்னொன்று. உண்மையான காரணம் முன்வரிசையில் இருந்தது. அம்மா அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த ஒரு மாமி அவர் கையைப் பிடித்து, என்னைக் காட்டி ஏதோ கேட்க, அம்மா, “ஓம், என்ர மகள்தான். பாட்டுக்காரி” என்றார். மேடைக்குக் கேட்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னார். கண்ணாடிக் கடையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

விளக்கு விட்டு விட்டு எரிந்தது. ஒலிக்காரர் மைக்கை நிறுத்தினார். மாமாவுக்கு அது தெரியவேயில்லை. ஒலிபெருக்கி இல்லாத காலத்து மண்டபங்களில் பேசிப் பழகிய குரல். அவர் நன்றி சொல்லி முடித்தபோது அடுத்த குழு டிரம்மைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறியது. கோட்டுப் பாட்டு பாடப்படவில்லை.

நான் கிட்டாரைப் பெட்டியில் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தபோது ஏஜெண்ட் படிக்கட்டில் பாதி இறங்கியிருந்தார். அவர் தோளில் இரண்டாவது பொன்னாடை இருந்தது. பிரதம விருந்தினரைச் சும்மா அனுப்ப மாமாவுக்கு மனம் வருமா? ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

வேனில் நான் வெடித்தேன். ஒரு மாமி மிச்சப் பற்றிஸ் பலகாரப் பெட்டியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“ஏன் மாமா உப்பிடிச் செய்தனீங்கள்? என்ர பாட்டைப் பாட விடேல்லையே நீங்கள்!”

மாமா திடுக்கிட்டுப் போனார். “கடைசி உருப்படிக்கு முன்னந்தானே பிள்ளை கௌரவிக்கிறது? அதுதானே முறை? நான் உன்னட்டைக் கேட்டுத்தானே செய்தனான்.”

அப்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கேள்விகள் எனக்கு விளங்கின. அரங்கேற்றத்தில் அப்படித்தான். தில்லானாவுக்கு முன் நிறுத்தி, பிரதம விருந்தினர் பேசி, பொன்னாடை போட்டு, பிறகு கடைசி உருப்படி. அங்கே யாரும் சிவப்பு விளக்கு வைப்பதில்லை.

“இது அரங்கேற்றம் இல்லை, மாமா!” என்று கத்தினேன்.

“மாமாவோடை உப்பிடிக் கதைக்காதை” என்றார் அம்மா. கோட்டைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அதைச் சொல்லியிருந்தால் மாமாவின் முகத்தை நான்தான் பார்க்க வேண்டியிருந்திருக்கும். அந்தக் கோபத்திலும் அது என்னால் முடியாது.

ஏஜெண்டின் பதில் அந்த வாரமே வந்தது. மற்ற இருவரில் ஒருவருக்குப் பயணத்தைக் கொடுத்துவிட்டேன், அவர் பாடியதை முழுதாகக் கேட்க முடிந்தது என்று எழுதியிருந்தார். அது நியாயம். அதற்குக் கீழே இன்னும் கொஞ்சம் இருந்தது. உன் மாமா பேசியதில் எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் அவர் பேசும்போது அறையில் ஒருவரும் போனைப் பார்க்கவில்லை. நீ பாட்டுக்குப் பாட்டு ஓடுகிறாய், நீ யாரென்றே எங்களுக்குச் சொல்வதில்லை. மாமாவுக்கு நன்றி சொல்.

நான் நன்றி சொல்லவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஐந்து பாட்டு பாடியவள் நான், அவருக்கு நினைவில் நின்றது மாமா! ஆனால் கண்ட்ரி பாட்டு கேட்க வருகிறவர்கள் பாதி, இடையில் சொல்லும் கதைக்காகத்தான் வருகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். அடுத்த மாதங்களில் பேசிப் பார்த்தேன். எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போய்ப் பேசினேன், பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டி மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன்.

பொன்னாடை வீட்டில் கிடந்தது. அம்மா அதை மடித்துக் கிட்டார்ப் பெட்டிக்குள், கிட்டாரின் கழுத்துக்குக் கீழே, மெத்தையாக வைத்துவிட்டார். நல்ல துணியைச் சும்மா வைத்திருக்க அவருக்கு மனமில்லை. நானும் எடுத்துப் போடவில்லை.

குளிர் தொடங்கிய நேரம், ஒரு நாள் மதியம் கண்ணாடிக் கடைக்கு ஏஜெண்டின் போன் வந்தது. அந்தப் பாடகரின் பயணம் லண்டனுக்கு வந்திருக்கிறது, முன்னால் பாடுகிறவருக்குத் தொண்டை கட்டிவிட்டது, இன்றைக்கு வர முடியுமா? இன்று சரியாகப் போனால் மீதி ஊர்களுக்கும் நீயே போகலாம் என்றார். வேலை முடிந்ததும் வீட்டுக்கு ஓடி, கிட்டாரை எடுத்துக்கொண்டு எலிசபெத் லைன் ரயிலில் ஏறினேன். அம்மா வேலையில் இருந்தார். யாருக்கும் சொல்ல நேரமில்லை. சொல்ல விருப்பமும் இல்லை, உண்மையைச் சொன்னால்.

அது பழைய தியேட்டர். நான் அதுவரை பாடிய எல்லா இடத்தையும் அதற்குள் வைக்கலாம். மேடைப் பக்கம் ஹீட்டர் எட்டவில்லை, விரல்கள் விறைத்துவிட்டன. பெட்டியைத் திறந்து பொன்னாடையை எடுத்துப் போர்த்திக்கொண்டுதான் மேடைக்குப் போனேன். ஐந்து பாட்டு பாடினேன். கோட்டுப் பாட்டுக்காகக் குனிந்து தந்திகளை முறுக்கினேன். தியேட்டர் அமைதியானது.

என்னையறியாமல் பக்கத்தைத் திரும்பிப் பார்த்தேன், யாரோ வருவார்கள் என்பது போல. ஒருவரும் வரவில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

முன்னால் இருந்த ஒரு பெண், அந்தத் தங்கச் சால்வை எங்கே வாங்கியது என்று கேட்டார். வாங்கவில்லை, ஒருவர் பாட்டின் நடுவில் வந்து போட்டுவிட்டார் என்றேன். சிரித்தார்கள். பிறகு எல்லாம் தானாக வந்தது. கார் டிக்கி, ஸ்பேர் டயர், கதிரை வரிசை, நித்திரையான பிறந்தநாள் பிள்ளை, படியிறங்கிப் போன ஏஜெண்டின் தோளில் இருந்த இரண்டாவது பொன்னாடை. மாமாவின் குரலில், மாமாவின் கையசைப்பில் சொன்னேன். சிரிப்பு மேல்மாடி வரிசை வரை போனது. அம்மா “என்ர மகள்தான்” என்று சொன்னதையும் சொன்னேன். அப்போது யாரும் சிரிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அங்கேயும் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிகிறது.

பாட்டு அன்றும் இல்லை. கும்பிட்டுவிட்டு இறங்கினேன். ஏஜெண்ட் திரைக்குப் பின்னால் நின்றார். எல்லாம் போய்விட்டது என்று நினைத்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “நாளைக்கு நேரத்தைக் கவனித்துக்கொள், எனக்கு அந்தப் பாட்டும் வேண்டும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நாளைக்கு என்ற சொல் எனக்கு விளங்கவே கொஞ்ச நேரமானது.

வெளியே வந்து மாமாவுக்குப் போன் செய்தேன். கடை மூடும் நேரம், பின்னால் பெட்டிகள் இழுபடும் சத்தம்.

“மாமா, இண்டைக்கும் என்ர கடைசிப் பாட்டைப் பாட ஏலாமல் போச்சு. உங்களாலைதான்.”

“என்ன விசர்க் கதை கதைக்கிறாய்? நான் இஞ்சை கடையிலை எல்லே நிக்கிறன்?”

நடந்ததைச் சொன்னேன். பயணத்துக்குப் போகிறேன் என்றதும் மந்திரம் மாதிரி நல்லது நல்லது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு, “அப்பிடி என்ன பாட்டு அது, ரெண்டு தரமும் பாட விடாத பாட்டு?” என்றார்.

“உங்கட கோட்டைப் பற்றின பாட்டு, மாமா. அம்மா குரோய்டனுக்குப் போட்டுக்கொண்டு போன கறுப்புக் கோட்டு. ஒவ்வொரு முறையும் பின்னேரம் உங்களிட்டைத் திருப்பிக் கொண்டுவந்து தருவா எல்லே, அதுதான் பாட்டு.”

பெட்டிச் சத்தம் நின்றது. மாமா பேசாமல் இருந்து நான் கேட்டதில்லை. போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

“உனக்கு ஆர் சொன்னது?” என்றார் கடைசியில். “கொம்மா அந்தக் கோட்டை இன்னும் திருப்பித் தரேல்லை. நானும் கேக்கேல்லை.”